மாமியாரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க

“எக்ஸ்கியூஸ் மீ... அந்தக் காலைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?”

நூலகத்தின் இரண்டாவது மாடி. ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதன் ஒரு முனையில் கணினியும் அவளும். மறுமுனையில் அவனும் அவனுடைய வலது காலும். காலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அவன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். கால்தான் வேலை செய்துகொண்டிருந்தது. முட்டி மேலும் கீழும் போய்வர, மேஜை நடுங்க, மேஜைமேல் இருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலுக்குள் சின்னச் சின்ன அலைகள்...

“எந்தக் கால்?” என்றான் அவன்.

“ரெண்டு வெச்சிருக்கீங்களே, அதுல ஆடுற கால்.”

“ஓ, அதுவா... அது என் கண்ட்ரோல்ல இல்லைங்க. தீசிஸ் சப்மிஷன் வரைக்கும் அப்படித்தான்.”

“அப்போ அதை வெளில விட்டுட்டு வாங்க. குடை வைக்கிற இடத்துல.”

இதைச் சொல்லும்போது அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகுதான், ஆள் எப்படியிருக்கிறான் என்று பார்ப்பதற்காக, ஒருமுறை நிமிர்ந்தாள்.

கண்கள்...

காதல் கதைகளில் கதாநாயகியின் கண்களை மீன் என்பார்கள், மான் என்பார்கள். இவளுடைய கண்கள் அந்த மிருகக்காட்சி சாலையில் எதிலும் சேராதவை. ஆய்வேடு முடிக்கிற பருவத்துக் கண்கள். தூக்கம் போதாமல் ஓரம் சிவந்து, இமை கனத்து... ஆனாலும் உள்ளே எங்கேயோ, யாரோ அணைக்க மறந்த மாதிரி, ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் கால் ஒரு கணம் நின்றது. பிறகு, வெட்கப்பட்டதைப் போல, முன்பைவிட வேகமாக ஆடத் தொடங்கியது.

“பூகம்பம்...” என்று முணுமுணுத்துவிட்டு அவள் திரைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர்.

அவன் அங்கே காத்திருந்தது அவளுக்காக அல்ல. அப்போதைக்கு, அவள் உட்கார்ந்திருந்த கணினிக்காக.

பங்குச் சந்தையின் பழைய விலைகள் மொத்தமும் அந்த ஒரு கணினியில்தான் கிடைக்கும். பல்கலைக்கழகம் வாங்கியிருந்த உரிமம் ஒரே ஒரு நாற்காலிக்கு. பொருளாதாரத் துறைக்கும் நிதியியல் துறைக்கும் சேர்த்து அது ஒன்றுதான். மாணவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் யாரும் தொடாமல் விட்டால் கோபித்துக்கொண்டு தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் கீழ்த்தளத்திலிருந்து நூலக அக்கா ஏறி வந்து கடவுச்சொல் போட்டுச் சமாதானப்படுத்த வேண்டும். அதற்குள் செய்துவைத்த வேலை எல்லாம் காணாமல் போயிருக்கும். எனவே மாமியார் முன்னால் உட்கார்ந்தவர்கள் பசித்தாலும் எழுந்திருப்பதில்லை.

அவள் பொருளாதாரம். அவன் நிதியியல். இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வராந்தாக்களில் இருந்தன, பேச்சுவார்த்தை கிடையாது. பொருளாதாரத்துக்காரர்கள் எல்லாவற்றையும் விளக்குவார்கள், எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நிதியியல்காரர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்வார்கள், எதையும் விளக்க மாட்டார்கள். வேலை கிடைப்பது மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி கஷ்டமாக இருந்தது.

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. எண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பூகம்பத்தைத் தவிர யாரும் இல்லை.

“ஏங்க... மாமியாரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்களேன்.”

“நானா? என் காலையே என்னால பார்த்துக்க முடியல.”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். அப்பப்போ இந்தக் கீழ் அம்புக்குறி பட்டனை ஒரு தட்டு தட்டுங்க. அவ்ளோதான். வேற எதையாவது தொட்டீங்க...”

“தொட்டா?”

“தொட்டுத்தான் பாருங்க.”

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையைத் தூங்கவைக்கிறவன் மாதிரி, பட்டனை ஒரு தட்டு தட்டினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. வேறு எதையும் தொடவில்லை. கீழே போய்க்கொண்டிருந்த நூலக அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, கால் நின்னுபோச்சு? உடம்பு சரியில்லையா?”

அப்போதுதான் அவனே கவனித்தான். கால் ஆடவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. வராந்தா ஓரத்தில் நின்று பேசியிருக்க வேண்டும். முன்நெற்றி முடியில் துளிகள் கோத்திருந்தன. ஒரு துளி மூக்கு நுனிவரை வந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

“வேலை கிடைச்சிருச்சு,” என்றாள். மூச்சு வாங்கியது.

“அப்படியா... வாழ்த்துகள்!”

“ஒரு பேங்க்ல, ஆராய்ச்சிப் பிரிவு. சாரி... யார்கிட்டயாவது உடனே சொல்லணும் போல இருந்துச்சு. நீங்கதான் இருந்தீங்க.”

“பரவால்லங்க. எப்போ சேரணும்?”

“சப்மிஷன் முடிஞ்ச கையோட. வேற ஊர்.”

மேஜை நடுங்கத் தொடங்கியது.

அடுத்து வந்த நாட்களில் ஓர் ஒப்பந்தம் உருவானது. காலையில் மாமியார் அவளுக்கு, பிற்பகலில் அவனுக்கு. ஒருவர் வெளியே போனால் மற்றவர் தட்ட வேண்டும். இருவருமே ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு முழுப் பாடம் படித்துத் தேறியவர்கள் என்பதால், எழுதிவைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

ஒருவருடைய நேரம் முடிந்த பிறகும் அவர் ஏன் மேஜையை விட்டுப் போவதில்லை என்பதை ஒப்பந்தம் விளக்கவில்லை.

“உங்க தீசிஸ் எதைப் பத்தி?” என்று ஒருநாள் கேட்டான்.

“நஷ்டத்துல இருக்குற பங்கை ஜனங்க ஏன் விக்க மாட்டேங்கறாங்க... லாபத்துல இருக்குறதை மட்டும் அவசர அவசரமா வித்துட்டு, நஷ்டத்தை ஏன் மடியில போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருக்காங்க... அதான்.”

“ஏனாம்?”

“வித்துட்டா தப்புப் பண்ணிட்டோம்னு ஒத்துக்கணும்ல?”

“இவ்ளோதானா? இதுக்கு நூறு பக்கமா?”

“நூத்தி இருபது. உங்களது?”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கழுத்துப் பட்டன் இருக்கிறதா என்று தடவிக்கொண்டான்.

“ஒரு பங்கு வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா கைமாறுற நாள்ல, அதைக் காலைல வாங்கி சாயங்காலம் வித்தா லாபம். பதினைஞ்சு வருஷ டேட்டா. எந்த ரிசல்ட் டேபிளை எடுத்தாலும் மூணு மூணு நட்சத்திரம்!”

ஒரு முடிவு தற்செயலாக வந்ததல்ல என்று கணக்கு உறுதி சொன்னால், எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவார்கள். மூன்று என்றால் அசைக்க முடியாத உறுதி. அவனுடைய கைடு ஆய்வேடுகளைப் படிக்கிற பழக்கம் உள்ளவர் அல்ல. ஓட்டல் அறை எடுக்கப் போகிறவரைப் போல நட்சத்திரங்களை மட்டும் எண்ணுவார். அவனுடைய பக்கங்களைப் புரட்டிவிட்டு, “சர்வீஸ்ல இவ்ளோ நட்சத்திரம் பார்த்ததில்லப்பா...” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துறைத் தலைவரிடம் சொன்னார். கருத்தரங்கில் பேச அவன் பெயரைக் கொடுத்தார். வராந்தாவில் ஜூனியர்கள் அவனுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அந்தக் கருத்தரங்கு விஷயமாகத்தான் கைடு ஒரு பிற்பகல் அவனைக் கூப்பிட்டனுப்பினார். மாமியாரின் திரையில் அவனுடைய ஷீட் திறந்திருந்தது.

“பார்த்துக்கிறீங்களா?”

“போயிட்டு வாங்க ஸ்டார்.”

அவள் தட்டினாள். ஒரு தட்டு, ஒரு வரிசை கீழே. படிக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இறங்கும்போது அதன் கணக்குச் சூத்திரம் திரையின் மேலே தெரிந்தது. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு தட்டு. இன்னொன்று...

அவள் விரல் நின்றது.

மேலே போய்ப் பார்த்தாள். கீழே வந்து பார்த்தாள். வேறொரு பங்கைத் திறந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் அதேதான்.

‘ஐயோ... இந்தப் பூகம்பம் என்ன பண்ணி வெச்சிருக்கு?’

சொல்லலாமா? சப்மிஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது. கைடு நிச்சயம் பார்க்கப்போவதில்லை. அவள் ஊரைவிட்டுப் போய்விடுவாள். அவன் நட்சத்திரங்களோடு சந்தோஷமாக இருப்பான்... சொன்னால் இந்த மேஜை, இந்த மழை, இந்தத் தண்ணீர் பாட்டில் அலைகள் எல்லாம் இன்றோடு சரி. அவளுக்கு அது வேண்டும் போலிருந்தது. வேண்டும் போலிருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். அவள் பாதிப் படியிலேயே போய் நிறுத்தினாள். படியோரத்துத் திறந்த ஜன்னல் வழியே சாரல் இருவர் மேலும் தெறித்தது.

“ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது.”

“கோவமா? இன்னைக்கு நீங்க என் காலையே வெட்டுனாலும் கோவம் வராது. கான்ஃபரன்ஸ்ல முதல் பேச்சே நான்தான்!”

“காலைல எதை வெச்சு வாங்குறீங்க?”

“அன்னைக்கு எத்தனை பங்கு கைமாறுச்சுன்னு பார்த்து...”

“அன்னைக்கு மொத்தம் எத்தனை கைமாறுச்சுன்னு எப்போ தெரியும்?”

அவன் ஈரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

“சந்தை மூடினப்புறம்... சாயங்காலம்தானே தெரியும்?” அவள் குரல் மழைக்குக் கீழே போயிற்று. “சாயங்காலம் தெரிஞ்சதை வெச்சுக்கிட்டு காலைல வாங்கியிருக்கீங்க. கைமாறின எண்ணிக்கை இருக்குற அந்தப் பத்தியை ஒரு வரிசை கீழ தள்ளணும். இன்னைக்குப் பார்த்துட்டு நாளைக்குத்தானே வாங்க முடியும்... தள்ள மறந்துட்டீங்க போல.”

அவன் முகத்தில் தெறித்த சாரலைத் துடைத்துக்கொண்டான்.

“உங்களைத் தட்டத்தானே சொன்னேன்,” என்றான் கடைசியில். “படிக்கச் சொன்னேனா?”

“தட்டுனா தெரியுது. கண்ணை மூடிக்கிட்டா தட்டுறது?”

“உங்க டிபார்ட்மென்ட்டுக்கே இதான் பொழப்பு. நீங்களா ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டீங்க. கண்டுபிடிச்சவன்கிட்ட வந்து நொட்டை சொல்லுவீங்க.”

“ஓஹோ... தப்பை ஒத்துக்காதவங்களைப் பத்தின என் மூணாவது அத்தியாயமே நீங்கதாங்க. பேரு ஒண்ணுதான் போடல.”

“பொறாமை.”

அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதும் அவனுக்கே கூசியது. அவள் கண்ணுக்குள் இருந்த விளக்கு ஒருமுறை படபடத்தது.

“வேலை கிடைச்சவளுக்கு உங்க மேல என்னங்க பொறாமை?” என்றாள் மெதுவாக. படியிறங்கிப் போய்விட்டாள். குடை மேஜையிலேயே இருந்தது. மழையில் நனைந்துகொண்டே முற்றத்தைக் கடந்து போனதை அவன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சொன்ன அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கத்தினான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்குப் போவான், இரண்டாவது மாடிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பான். உள்ளே அவள் மாமியார் முன்னால் உட்கார்ந்திருப்பாள். திரும்பிவிடுவான். காப்பி எந்திரத்துக்குப் போவான். பட்டனை அழுத்திவிட்டு, கோப்பை நிரம்புவதற்குள் நடந்துவிடுவான். பின்னால் வருகிறவர்கள் அவன் காப்பியைக் குடித்தார்கள். கருத்தரங்கு உரையின் முதல் வரியைத் தட்டச்சு செய்தான், அழித்தான். “வணக்கம்” மட்டும் மிஞ்சியது. அதுவும் பொய்யாக இருக்குமோ என்று தோன்றியது.

அவன் அக்கா பல் டாக்டர். அவளுடைய கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையில்தான் அவன் தங்கியிருந்தான். கடைசி நோயாளி போனதும் அக்கா கையுறையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தாள். தம்பி சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“டேய், அது பேஷண்ட் நாற்காலி. கழண்டுறப் போகுது. யாருடா அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“போன வாரம் வீட்டுக்கு வந்தா கால் ஆடாது. இந்த வாரம் ஆளே ஆடுற. நடுவுல ஒரு பொண்ணு இல்லாம எப்படி? பல்லு எப்படியிருக்கும்?”

“அக்கா...”

“சிரிச்சா தெரியுமேடா.”

“இப்போ சிரிக்கற நிலைமைல இல்ல.” அவன் எல்லாவற்றையும் சொன்னான். வரிசை, சாயங்காலம், நட்சத்திரம், படிக்கட்டு, பொறாமை.

அக்காவுக்குப் பங்குச் சந்தை புரியவில்லை. மீதி புரிந்தது.

“மொத்தத்துல அவ சொன்னது சரி, நீ திட்டினது தப்பு. இதுக்கா ஒரு வாரமா என் நாற்காலியை உடைக்கிற?”

“திருத்துனா எல்லாம் போயிடும்க்கா. கைடு மூஞ்சில எப்படி முழிப்பேன்? கான்ஃபரன்ஸ், பேரு...”

“அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்ப?”

அவன் சுற்றுவது நின்றது.

“போய்த் தூங்குடா. பல்லைத் தேய்ச்சுட்டு.”

மறுநாள் காலையில் கைடின் அறைக்குப் போனான். அவர் வேறொருவனுடைய ஆய்வேட்டில் நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தார். அவன் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

“திருத்துனா நட்சத்திரம் எத்தனை மிஞ்சும்?”

“தெரியலை சார். ஒண்ணுமே மிஞ்சாதுன்னு நினைக்கிறேன்.”

“ஒண்ணுகூடவா?” ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேகம் மூடியிருந்தது. “இதை யாரு கண்டுபிடிச்சது?”

“எக்கனாமிக்ஸ்ல ஒருத்தங்க சார்.”

“அவங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே? அப்புறம் என்னப்பா...”

“அவங்களுக்குத் தெரியும் சார்.”

கைடு அவனை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் ஆய்வேடுகளைப் படிக்காதவரே தவிர, முகங்களைப் படிக்காதவர் அல்ல.

“ம்... கான்ஃபரன்ஸ்ல வேற பையனைப் பேசச் சொல்றேன். தலைப்புக்குக் கடைசில ஒரு கேள்விக்குறி போட்டுக்கோ. ‘லாபம் கிடைக்குமா?’ன்னு. கேள்விக்குறி இருந்தா எந்த ரிசல்ட்டையும் ஏத்துப்பாங்க.”

அவன் நூலகத்துக்கு ஓடினான். படியில் நூலக அக்கா.

“வந்தியா? நல்ல வேளைப்பா. அந்தப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர்ல வேலை போன வாரமே முடிஞ்சுபோச்சு. ஆனா காலைல வந்து உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்குறா. ஜூனியர் பசங்க கேட்டா, ‘ஒருத்தர் வருவார், அவரு முடிச்சப்புறம்தான்’னு விரட்டுறா. எழுதுறதும் இல்ல, படிக்கிறதும் இல்ல. டொக்கு டொக்குனு ஒரே பட்டன்.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கன்னத்தில். மறு கை விசைப்பலகையில். ஒரு தட்டு... ஒரு தட்டு...

அவளுக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. விலை ஏறும் ஏறும் என்று நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நூற்றி இருபது பக்கம் எழுதியவள், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள்? ‘இன்னைக்கு ஒருநாள் பார்க்கிறேன். வரலேன்னா, நாளைக்கு எழுந்து போயிடுவேன்’ என்று நேற்றும் சொல்லிக்கொண்டாள். முந்தாநாளும்.

கதவு திறந்தது. அவள் நிமிர்ந்தாள். விளக்கு எரிந்தது. உடனே முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சாரி,” என்றான். “ரொம்பக் கேவலமா பேசிட்டேன்.”

“ஆமா.”

“ஒரு வரிசை கீழ தள்ளணும்.”

“ஆமா.”

அவள் எழுந்து நாற்காலியை விட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. மறுமுனையில், அவனுடைய பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் அந்தப் பத்தி முழுவதையும் ஒரு வரிசை கீழே இறக்கினான். கணக்கு மறுபடி ஓடத் தொடங்கியது. பதினைந்து வருடம் ஓடி முடிய நேரம் பிடிக்கும். அவன் கால் ஆடத் தொடங்கியது. முட்டியைக் கையால் அமுக்கிப் பிடித்தான். அடங்கவில்லை. மறுமுனையில் தண்ணீர் பாட்டில் நடுங்கியது.

“சாரிங்க... நிறுத்த முடியல.”

“பரவால்ல,” என்றாள் அவள், பாட்டிலைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு. “இன்னைக்கு ஆட்டிக்கோங்க.”

முதல் டேபிள் வந்தது. நட்சத்திரம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசி டேபிளில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ புள்ளி தெரிந்தது. ஆவலாகத் தேய்த்துப் பார்த்தான். திரையில் ஒட்டியிருந்த தூசு.

“எத்தனை?” என்றாள்.

“ஒண்ணுகூட இல்ல.”

அவள் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மழை ஈரம் மாதிரி ஏதோ ஒரு வாசனை... அவன் திரும்பவில்லை.

“நல்லாயிருக்கு,” என்றாள்.

“நல்லாயிருக்கா?”

“இப்பதான் நம்புற மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய ஆய்வேட்டில் திருத்தம் இருந்தது. அவனுடையதை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. பேச நினைத்ததையெல்லாம் பேச நேரமே இல்லாமல், அவன் மீதி நாட்களை ‘கிடைக்காது’ என்ற ஒரே சொல்லை எண்பது பக்கமாக விரிப்பதில் கழித்தான்.

சப்மிஷன் நாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பைண்டிங் கடை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பசை வாசனை, ஈரச் செருப்புகள், கருநீல அட்டைகள். இரண்டு வருடப் படிப்பும் கடைசியில் வந்து சேருகிற இடம் இதுதான். பைண்டிங் அண்ணன் எல்லோருடைய அறிவையும் ஒரே அளவில் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மூலையில் ஒரு குட்டி மேஜை. அங்கே அவள்.

“இன்னும் பசை காயலை,” என்றாள். “நாளைக்குக் காலைல ரயில். இவரு என்னடான்னா, ‘அறிவு காய நேரமாகும்மா’ங்கறாரு.”

அவன் எதிரில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பி. அவனுடைய ஆய்வேடு அவள் கைக்கு எப்படியோ போயிருந்தது. தலைப்பின் முடிவில் இருந்த கேள்விக்குறியை விரலால் தடவினாள். பிறகு, சும்மா பார்ப்பது போல, நன்றியுரைப் பக்கத்துக்குப் போனாள். கைடுக்கு நன்றி. அக்காவுக்கு நன்றி. நூலக அக்காவுக்கு நன்றி. காப்பி எந்திரத்துக்குக்கூட...

மூடிவைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே.

“காப்பி மிஷினுக்கு எல்லாம் நன்றி சொல்லியிருக்கீங்க.”

“ஆமா.”

“நல்ல மனசு.”

“உங்களுக்கும் எழுதினேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நன்றில ஆரம்பிச்சு வேற எங்கயோ போயிருச்சு. கைடு பார்த்தா ஆதாரம் எங்கன்னு கேப்பார். அதான் எடுத்துட்டேன்... நேர்ல சொல்லிக்கலாம்னு.”

அவள் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க.”

“நான் இதுவரைக்கும் எதுவும் முன்னாடியே தெரிஞ்சுக்காம பண்ணினதில்லீங்க. கேள்வித்தாள்ல என்ன வரும்னு சீனியரைக் கேட்டுட்டுத்தான் படிப்பேன். படம் முடிவு தெரிஞ்சாத்தான் டிக்கெட் எடுப்பேன். தீசிஸும் அப்படித்தான் ஆச்சு, சாயங்காலம் பார்த்துட்டு காலைல வாங்கினேன்...” மூச்சை இழுத்தான். “இதை மட்டும் தெரியாம சொல்றேன். நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியாது. நாளைக்கு நீங்க எங்கயோ, நான் எங்கயோ. கணக்கு போட்டுப் பார்த்தா சாதகமா ஒண்ணுமே இல்ல. ஆனாலும்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

கூரைமேல் மழை இரைந்தது. கோப்பைகளில் காப்பி, வட்டம் வட்டமாக நடுங்கத் தொடங்கியது. மேஜை ஆடியது.

“தம்பி!” பைண்டிங் அண்ணன் கத்தினார். “காலை ஆட்டாதப்பா! மேஜை மேல ஈர அட்டை இருக்கு!”

“நான் இல்லண்ணே!”

“பின்ன யாரு, நானா?”

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து, அசையாமல் இருந்தன. மெதுவாக மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

ஈரச் செருப்புக்குள் அவளுடைய வலது கால், நிற்கவே நிற்காமல்...

நிமிர்ந்தான். அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

“அது என் கண்ட்ரோல்ல இல்ல,” என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அக்கா கேட்ட கேள்விக்கு அவனுக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது: மேல் வரிசையில் ஒரு பல் மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. அழகாக இருந்தது.

“அப்போ... உங்களுக்கும்...”

“இன்னும் என்ன ‘உங்களுக்கு’? ஒரு வாரம் உனக்காக ஒரே பட்டனைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு வேற ஏதாவது காரணம் தெரிஞ்சா நீயே சொல்லு, பூகம்பம்.”

அவனுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ரயில் மட்டும் நினைவுக்கு வந்தது.

“வேற ஊராச்சே...” என்றான். “நீ அங்க, நான் இங்க. நாளாக ஆக... தானா மூடிக்காதா?”

அவள் அவனுடைய கையை எடுத்தாள். சுட்டுவிரலை மட்டும் பிரித்து, தன் உள்ளங்கையில் வைத்து, மெதுவாக அழுத்தினாள்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். அப்பப்போ ஒரு தட்டு தட்டு... அவ்ளோதான்.”